ஊசி போட நாலு வருஷமா?

உயர்தரப் பரீட்சை முடிவு வந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள். அடுத்தது என்ன என்று தொடங்குவார்கள். பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்பேன். எத்தனை வருஷம் என்பார்கள். நான்கு என்றதும் புருவம் நெற்றிக்கு ஏறும்.

"ஊசி போட நாலு வருஷமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். உண்மையைச் சொன்னால், கோபம் அவர்கள் மேல் அல்ல. எனக்கும் பதில் தெரியாது. நான்கு வருஷம் அப்படி என்னத்தைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நான் அந்தப் படிப்புக்கு ஆசைப்பட்டதற்குப் பாதிக் காரணம். மற்றப் பாதி உம்மாவின் கால்.

உம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. முற்றத்தில் காயப்போட்ட மிளகைக் கிளறும்போது ஒரு தகரம் பாதத்தைக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான், ஆனால் ஆறுவேனா என்று அடம்பிடித்தது. மாத்தளை ஆஸ்பத்திரிக்கு மருந்து கட்ட உம்மாவைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலையாயிற்று. எங்கள் பக்கத்தில் தாதியை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அங்கே இருந்த மிஸ் ஒரு சிங்களப் பெண்மணி, பேச்சுக் குறைவு, கை வேகம். நான் உம்மாவின் தலைமாட்டில் நிற்காமல் கால்மாட்டில் போய் நின்று பார்ப்பேன். உம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸலவாத்து ஓதுவார்.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. ஒருநாள் சிங்களத்தில் கேட்டே விட்டேன். "மிஸ், ஏன் புண்ணுக்கு நடுவுல இருந்து வெளிப்பக்கமாத் துடைக்கிறீங்க? வெளிய இருந்து உள்ளுக்குத் துடைச்சா என்ன?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வீட்டுல கூட்டுறப்போ குப்பையை எங்க தள்ளுவீங்க? நடு ஹோலுக்கா?"

அடுத்த தடவை, பிரித்த கட்டுத்துணியை எறிவதற்கு முன் ஏன் அதை ஒரு முறை உற்றுப் பார்க்கிறார் என்று கேட்டேன். நிறத்தைப் பார்ப்பதாகவும் வாடையையும் கவனிப்பதாகவும் சொன்னார். காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே பாதிக் கதை துணியில் இருக்குமாம். அதற்கடுத்த தடவை நான் வாயைத் திறக்க முதலே அவர் சொல்லிவிட்டார்.

"கெம்பஸ்ல இதுக்கு டிகிரி இரிக்கு. இவ்வளவு கேள்வி இரிக்கிற ஆள் அங்க போங்க. எனக்கு வெளிய வரிசை நிக்குது."

வெளியே வந்ததும் உம்மா என் கையில் கிள்ளினார். "வெக்கமா இல்லையா? மருந்து கட்டுற இடத்துல போய் வழக்குப் பேசுற." அதற்கு என்ன செய்வது, இந்தக் குணம் எனக்கு வாப்பாவிடம் இருந்து வந்தது.

வாப்பாவுக்கு அலுவிகாரைக்குப் பக்கத்தில், பெரிய ரோட்டோரமாக ஒரு சின்னக் கடை. தோட்டம் தோட்டமாகப் போய் மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று வாங்கி வந்து காயவைத்து விற்பார். மிளகு வாங்குவதற்கு முன் ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். நன்றாகக் காய்ந்திருந்தால் டக்கென்று உடையும், ஈரம் இருந்தால் நசுங்கும். அந்த வேலை ஒரு நொடி. மிச்ச நேரமெல்லாம் விசாரணைதான். மகன் எங்கே வேலை, மருமகளுக்கு எந்த ஊர், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, நாய் ஏன் நொண்டுகிறது. யாரும் கோபித்ததில்லை. அவர் கேட்கும் விதத்தில் கெட்ட எண்ணம் இருக்காது, வெறும் ஆசைதான் இருக்கும். கேட்டதையெல்லாம் மாலையில் கொண்டுவந்து எங்களிடம் கொட்டுவார். "ஒங்க வாப்பாட வயித்துல சோறு தங்கும், செய்தி தங்காது" என்பார் உம்மா. லக்கலயில் யாருடைய வாழையை யானை முறித்தது என்பதுகூட அன்றே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

நான் தாதியர் படிப்பு என்றதும் வாப்பாவும் கேள்விகளைத் தொடங்கினார். ஆம்பிளை நோயாளிகளையும் பார்க்க வேண்டுமா? பார்க்க வேண்டும். தலையை மூடிக்கொண்டு படிக்கலாமா? நம் பிள்ளைகள் அப்படிப் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். செத்துப்போனவர்களைத் தொட வேண்டுமா? வேண்டும் போலிருக்கிறது. அதோடு கேள்விகள் நின்றன. பிறகு, "மையத்தைக் குளிப்பாட்டுறது நம்மள்ள நன்மைதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனார். அவ்வளவுதான். அதுதான் சம்மதம்.

விண்ணப்பம் இணையத்தில். டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் இருந்து அனுப்பினேன். விரும்பும் படிப்புகளை வரிசைப்படுத்தி இட வேண்டும். மேலே இருப்பதற்குப் புள்ளி போதுமென்றால் அதையே தந்துவிடுவார்கள், கீழே இருப்பதைப் பார்க்க மாட்டார்கள். எங்கள் டியூஷன் ஆசிரியர், கிடைக்காது என்று தெரிந்தாலும் மருத்துவத்தை முதலில் போடச் சொல்லுவார். அது ஒரு மரியாதையாம். நான் தாதியர் படிப்பை முதலில் போட்டேன். கடைக்காரப் பையன் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, மேல ஒண்டும் போடல்லயா? மறந்துட்டீங்களா?" என்று கேட்டான். மறக்கவில்லை என்றேன். என் புள்ளியோ, மாத்தளை மாவட்டத்துக்கு முந்தைய வருஷம் விழுந்த வெட்டுப்புள்ளியை உரசிக்கொண்டு நின்றது. கிடைத்தாலும் கிடைக்கும், போனாலும் போகும்.

பெயர்ப் பட்டியல் வரும்வரை காத்திருக்கும் அந்தக் காலத்தில்தான் மாமா வந்தார்.

மாமா என்றால் உம்மாவின் நானா, மூத்த சகோதரர். நல்ல மனிதர், கை நிறையக் கொண்டுவருகிறவர். அவருடைய மகன், என் மச்சான், கத்தாரில் வேலை செய்தார். எங்கள் இரண்டு பேரையும் பற்றி வீட்டில் பேச்சு நெடுகவே இருந்தது. மச்சான் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றுமில்லை. விமானத்துக் கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று நான் கேட்டதற்கு, சிரிக்காமல் விசாரித்து வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பிய ஒரே ஆள் அவர்தான்.

"பையன் வாற மாசம் லீவுல வாறான்" என்றார் மாமா. "அவன் திரும்பிப் போறதுக்கு முந்தி காவினை எழுதிடுவோம். விருந்தை ஆறுதலா வச்சுக்கலாம். புள்ள படிக்கட்டும், யாரு வேணாங்கிறது?"

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். காவின் எழுதுவது என்றால் எங்களவர்களிடையே திருமணத்தைப் பதிந்துவிடுவது. மாப்பிள்ளையும் பெண்ணின் வாப்பாவும் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிடுவார்கள். ஆனால் பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். விருந்து வைத்துக் கூட்டி அனுப்பும் நாள் மாதக் கணக்கில், சில வேளை வருஷக் கணக்கில் தள்ளிப் போகும். மாமா மனதாரத்தான் படிக்கட்டும் என்கிறார். அவருடைய மூத்த மகளுக்கும் மனதாரத்தான் சொன்னார். அவளுக்கு மாப்பிள்ளையின் அடுத்த லீவில் விருந்து, அதற்கு அடுத்த மாதம் விசா, இப்போது ஜித்தாவில் இரண்டு பிள்ளைகள். அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். பாதியில் விட்ட படிப்பைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் ஒரு காலம் என்பாள். கையெழுத்து விழுந்தால் என் கதையும் அதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

உம்மாதான் எதிர்பாராமல் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். "நானா, நர்ஸ் படிக்கிற புள்ளைக கல்யாணம் முடிச்சிருக்கக் கூடாதாமே. கிளினிக்ல எல்லாரும் சொல்றாங்க."

இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தாதியர் பயிற்சிக் கல்லூரிக்கு ஆள் எடுக்கிறபோது கல்யாணம் முடிக்காதவர்களைத்தான் எடுப்பார்கள் என்று சின்ன வயதில் இருந்தே கேட்டிருக்கிறோம்.

"காவின்தானே எழுதப் போறோம் தங்கச்சி? கல்யாணம் பொறவுதானே?"

உம்மா அதற்குத் தலையாட்டினார். அவருடைய கணக்கில் விருந்து முடியும்வரை பெண் கொமர்தான், கல்யாணம் ஆகாதவள்தான். தன் காவின் எழுதிய பிறகும் விருந்து வரைக்கும் வாப்பாவின் குரல் கேட்டால் உள்ளறைக்கு ஓடினாராம். அப்படி ஓடுகிறவளைக் கல்யாணம் முடித்தவள் என்று எப்படிச் சொல்வது?

வாப்பா மெதுவாகச் சொன்னார். "கவர்மெண்ட் என்ன, விருந்துக்கா வரப் போகுது மச்சான்? அதுக்குப் புத்தகத்துல கையெழுத்து விழுந்தாச் சரி."

மாமா யோசித்தார். காவின் கல்யாணமா இல்லையா என்பதில் அந்த ஹோலில் நெடுநேரம் பேச்சு நடந்தது. தேத்தண்ணீர் இரண்டு தரம் போனது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் மாமா எழுந்தார். "நீங்க யாரிட்டயாச்சும் நல்லா விசாரிச்சுப் பாருங்க மச்சான். நீங்க கேக்காத ஆளா?"

அன்றைக்கே பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை எடுத்து முதல் பக்கத்தில் இருந்து படித்தேன். பாடங்கள், புள்ளி, மாவட்டம், எல்லாம் இருந்தது. கல்யாணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதாவிட்டால் விதி இல்லை என்று அர்த்தமா? எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவார்கள் என்று விட்டிருப்பார்களோ? வகுப்புக்கு உடுத்துக்கொண்டு வரவேண்டும் என்றுகூடத்தான் அதில் எழுதவில்லை.

அடுத்த மருந்து கட்டும் நாளில் மிஸ்ஸின் பக்கத்திலேயே நின்றேன். ஒரு கேள்வி, ஒரு நிமிஷ வேலை. கேட்கவில்லை. கையுறையை ஏன் இடையில் மாற்றினார் என்று கேட்டேன். மிஸ் பதில் சொன்னார், அது என் காதில் ஏறவே இல்லை. விதி பொய்யென்று அவர் சொல்லிவிட்டால் மச்சான் லீவில் வந்து இறங்கிய முதல் வெள்ளிக்கிழமையே மாமா காவின் புத்தகத்தோடு வந்து நிற்பார். எனக்கு அந்த விதி வேண்டியிருந்தது. நாயின் நொண்டலுக்குக்கூடக் காரணம் கேட்கிற குடும்பத்தில் பிறந்தவள், வாழ்க்கையில் ஒரே ஒரு கேள்வியைப் பயந்துபோய் விழுங்கினேன்.

வாப்பா விசாரிக்கப் போனார். அலுவிகாரைக்கு அப்பால் எங்கோ மிளகு எடுக்கப் போனவர், வழக்கத்தை விடப் பிந்தி வந்தார். மூட்டையை இறக்கினார், கை கால் கழுவினார், உம்மாவின் கால் எப்படி என்று கேட்டார். அன்றைக்கு எந்தத் தோட்டத்துக் கதையும் வரவில்லை. வெயில் பட்டுத் தலையிடி என்று உம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். பேசாமல் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் மாமா வந்தார். முற்றத்துப் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. வாப்பா பக்கத்தில் குந்தியிருந்தார். நான் ஜன்னலுக்கு உள்ளே நின்றேன்.

"கேட்டீங்களா மச்சான்?"

"கேட்டேன்."

"என்ன சொல்றாங்க?"

வாப்பா பாயில் இருந்து ஒரு மிளகை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். மாமா காத்துக்கொண்டிருந்தார். "பொறுத்திருக்கிறதுதான் நல்லம் மச்சான். புள்ளட பேர் வருதா பாப்போம். அவசரப்பட்டுக் கையெழுத்து வச்சிட்டுப் பொறவு அழிக்க ஏலாதே."

மாமா பெருமூச்சு விட்டார். "சட்டம்னா என்ன செய்ய?" என்றார். படிக்க வேண்டும் என்பது என் ஆசை என்று சொல்லியிருந்தால் மாமா அந்தியாகும்வரை எங்களோடு வாதாடியிருப்பார். அரசாங்கம் என்றதும் செருப்பைத் தேடினார். எனக்கு அங்கேயே சுஜூதில் விழலாம் போலிருந்தது. முகம் தெரியாத எந்த அதிகாரியோ எழுதிவைத்த அந்த விதிக்கு மனதுக்குள் துஆ செய்தேன்.

மச்சான் லீவில் வந்தார், எங்கள் வீட்டுக்கும் வந்து சாப்பிட்டார், திரும்பிப் போனார். மகனுக்கு வயது ஏறுகிறது, சட்டம் எப்போது விடுமோ என்று மாமா வேறு இடத்தில் பேசினார். அடுத்த லீவில் இன்னொரு பெண்ணோடு மச்சானுக்குக் காவின் எழுதி, விருந்தும் வைத்தார்கள். கொஞ்சம் என்னவோ போல் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் போய் புரியாணியை நன்றாகவே சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்குள் என் பெயரும் வந்திருந்தது. வெட்டுப்புள்ளியைத் தாண்டி, மயிரிழையில். கைபேசியில் பார்த்துவிட்டு நான் குசினித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வாப்பா கடைக்குப் போனார். நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு முன் ரோட்டின் இரண்டு பக்கமும், பள்ளிவாசலும், தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகிற லொறிக்காரர்களும்கூட அறிந்துகொண்டார்கள். செய்தி தங்காத வயிறு அல்லவா? விடுதிக்கு என்று மாமா ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியும், அதற்குள் ஒரு ஜோடி செருப்பும், பிஸ்கட் பெட்டிகளும் வைத்துக் கொண்டுவந்து தந்தார். "நல்லாப் படிங்க மகள். ஆனா எனக்கு ஒண்டு மட்டும் வெளங்கல்ல. ஊசி போட நாலு வருஷமா?" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

பதிவு செய்யும் நாளில் வாப்பா கூட வந்தார். விடியற்காலையில் பஸ் ஏறி, கண்டியில் மாறி, போய்ச் சேர்ந்தபோது வரிசை கட்டிடத்துக்கு வெளியே வரை நீண்டிருந்தது. வாப்பா ஒரு மர நிழலில் நின்றுகொண்டார். எனக்கு முன்னால் ஒரு சிங்களப் பெண், கையில் ஃபைலோடு. அவளுக்குப் பக்கத்தில் ஓர் இளைஞன், தோளில் தூங்கும் குழந்தை. வெயில் குழந்தையின் முகத்தில் படாமல் ஒரு துவாயால் மறைத்துக்கொண்டிருந்தான்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? "ஒங்க அக்காட புள்ளயா?" என்று கேட்டேன்.

"என்ட புள்ள" என்றாள் அவள். "இவர் என்ட ஹஸ்பண்ட்."

"நீங்களும் நர்சிங்குக்கா?"

"ஓம்."

"கல்யாணம் முடிச்சவங்களை எடுக்கிறதில்லன்னு சொன்னாங்களே?"

அவள் சிரித்தாள். "அது பயிற்சிக் கல்லூரியைப் பத்திச் சொல்ற கதை. கெம்பஸ்ல அப்படி ஒண்ணும் இல்ல. யாரும் கேக்கிறதும் இல்ல."

இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மர நிழலுக்கு ஓடினேன். "வாப்பா! இங்க கல்யாணம் முடிச்சவங்களும் படிக்கலாமாம். அந்தச் சட்டம் இங்க இல்லையாம்!"

வாப்பா பெரிய செய்தி கேட்டவர் போல் கண்ணை விரிக்கவில்லை. "தெரியும் மகள்" என்றார்.

"தெரியுமா? எப்ப இருந்து?"

"மாமா ரெண்டாந்தரம் வந்தாரே, அதுக்கு முந்தின நாள். அலுவிகாரைக்கு அங்கால எனக்கு மிளகு தார சிங்கள நோனாட மருமக இங்கதான் படிக்கிறா. கல்யாணம் முடிச்சுத்தான் படிக்கிறா. அவவே எனக்கு எல்லாத்தையும் சொன்னா."

கொத்தமல்லி குடித்த அந்த மாலை என் கண்முன் வந்தது. தலையிடி ஒன்றும் இல்லை. மறுநாள் முற்றத்தில் மாமாவிடம் அவர் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்தேன். பொய் ஒன்றுமே இல்லை. கேட்டேன் என்றார், கேட்டிருந்தார். பொறுப்பது நல்லம் என்றார், அதுவும் சரிதான். அவர்கள் சொன்னது என்ன என்பதை மட்டும் மிளகோடு சேர்த்துக் கடித்து விழுங்கிவிட்டார். லக்கலயில் முறிந்த வாழையை அன்றைக்கே சொல்லாமல் இருக்க முடியாத மனிதர், இதை இத்தனை மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார். மச்சானின் விருந்தில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதே வாயால் புரியாணியும் தின்றிருக்கிறார்.

"உம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல்ல. நீங்களும் இப்ப சொல்லிடாதீங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே வாப்பா? நான் எவ்வளவு பயந்துபோய் இருந்தேன்!"

வாப்பா என்னை ஒரு முறை பார்த்தார். எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டு அவரைத் துளைத்தெடுத்த மகளை.

"நீங்க கேக்கவே இல்லையே, மகள்."

அழுகை வந்துவிட்டது. தலைத்துணியின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பி ஓடினேன். என் முறை வந்தது, உள்ளே போனேன், கையெழுத்து வைத்தேன். வெளியே வந்து பார்த்தால் வாப்பா மர நிழலில் அந்தக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதன் தகப்பனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.